பேட்டரி 80-ல் நிற்கட்டுமா? லினக்ஸ் லேப்டாப் சார்ஜ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று இந்தப் பக்கம் யாருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாலும் முதல் போன் வைஃபைக்கு வரும், அடுத்த போன் பேட்டரிக்கு வரும். ஆட்கள்தான் வேறு, கேள்வி அதேதான். அதனால் அவரவர் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன். கோப்பு, கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள், கோப்புப் பெயரில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்.

அண்ணா, நாள் பூரா சார்ஜர்லயே போட்டு வச்சா பேட்டரி வெடிச்சிடுமா?

அதற்காகவெல்லாம் வெடிக்காது. நூறு ஆனதும் ஏற்றுவதை லேப்டாப்பே நிறுத்திவிடும், அதற்கப்புறம் மெஷின் அடாப்டர் கரண்ட்டில்தான் ஓடும். விஷயம் வேறு. லித்தியம் அயான் செல் முழுசாக நிறைந்திருக்கும்போது அதன் வோல்டேஜ் சுமார் 4.2. அந்த உச்சத்திலேயே மாதக்கணக்கில் இருந்தால் உள்ளே தேய்மானம் வேகமாக நடக்கும், சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம்.

நம்ம ஊரில் சூட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டுமா என்ன? கத்திரி வெயில், ஷீட் போட்ட மாடி ரூம், மெத்தைமேல் லேப்டாப், அதில் சார்ஜரைச் செருகிக்கொண்டே வீடியோ எடிட்டிங். பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கிக்கொண்டு வருகிற மெஷின்களில் பாதிக்குக் கதை இதுதான். உப்பிவிட்டது என்றால் சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள். ஆஃப் செய்து கழற்றச் சொல்லி, பழையதைக் குப்பைத் தொட்டியில் வீசாமல் மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.

80-ல நிறுத்தினா 20 பர்சன்ட் வீணாப் போவுதே?

எப்போதும் பிளக்கிலேயே இருக்கிற மெஷினில் அந்த 20 எப்படியும் உங்களுக்கு உதவப் போவதில்லை, சும்மா செல்லைத் தேய்த்துக்கொண்டுதான் இருக்கும். அவர்களுக்கு 80, ஏன் 60 வைத்தாலும் நஷ்டமில்லை. தினமும் காலேஜுக்குத் தூக்கிப் போய், அங்கே பிளக் பாயின்ட்டுக்கு அடித்துக்கொள்கிற பிள்ளைக்கு நான் 80 சொல்ல மாட்டேன். 90 வையுங்கள், இல்லை வைக்காமலே விடுங்கள். பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக லேப்டாப் வாங்கவில்லையே.

சரி, லினக்ஸ்ல அதை எங்க செட் பண்றது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகள் தானாகவே தீர்ந்துவிடும். சார்ஜை நிறுத்துவது லினக்ஸ் இல்லை. மதர்போர்டில் எம்பெடட் கண்ட்ரோலர் என்று ஒரு சிப் இருக்கிறது, ஏற்றுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. "80-ல் நிறுத்து" என்ற எண்ணை அதனிடம் கொடுப்பதோடு லினக்ஸின் வேலை முடிந்தது. அந்த எண்ணை வாங்கிக்கொள்ளும் வசதியை லேப்டாப் கம்பெனி வைத்திருக்க வேண்டும், அந்தக் கம்பெனி மெஷினோடு பேசத் தெரிந்த டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எந்த சாஃப்ட்வேர் போட்டும் பிரயோஜனமில்லை.

இருக்கிறதா என்று பார்க்க: சிஸ் கோப்பகம், அதற்குள் கிளாஸ், அதற்குள் பவர் சப்ளை, அதற்குள் பேட்0. சில மெஷின்களில் இது பேட்1. உள்ளே சார்ஜ் கண்ட்ரோல் எண்ட் த்ரெஷோல்ட் என்ற கோப்பு இருந்தால் உங்களுக்கு யோகம். கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் 2020-ல் வந்த 5.20 பதிப்பிலிருந்தே பவர் செட்டிங்ஸில் இந்த வரம்பு இருக்கிறது. க்னோம் டெஸ்க்டாப்பில் 2025-ல் வந்த 48-ஆம் பதிப்பில்தான் பேட்டரி ஆரோக்கியம் காக்கும் பட்டன் வந்தது. மின்ட் சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ மாதிரி மற்றவை வைத்திருப்பவர்கள், அல்லது பழைய க்னோம்காரர்கள், டிஎல்பி என்ற கருவியைப் போட்டுக்கொள்வதுதான் சுலபம், அது பற்றிக் கீழே வருகிறது.

ப்ரோ, என் லேப்டாப்ல அந்த ஃபைலே இல்லையே?

கம்பெனியைப் பொறுத்தது. திங்க்பேடுக்கு 2018-ல் வந்த 4.17 கெர்னலிலிருந்தே இந்த வசதி இருக்கிறது, எப்போது ஏற்ற ஆரம்பிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று இரண்டு எண்களையும் தரலாம். அசூஸுக்கு 2019-ன் 5.4 கெர்னலிலிருந்து, நிறுத்தும் எண் மட்டும். அதிலும் சில மாடல்கள் 60, 80 மாதிரி ஓரிரு எண்களை மட்டும்தான் மதிக்கும், 75 கொடுத்தால் கண்டுகொள்ளாது. ஐடியாபேடில் எண்ணே கிடையாது, கன்சர்வேஷன் மோட் என்று ஒரு சுவிட்ச்தான். ஆன் செய்தால் பல மாடல்களில் 60 பக்கம் நிற்கும், சிலவற்றில் 80. எல்ஜி கிராமில் 80 அல்லது 100, நடுவில் எதுவும் இல்லை.

டெல்லில் பயாஸுக்குள் போவது நல்லது. ஆன் செய்யும்போது எஃப்2 தட்டி, பேட்டரி சார்ஜ் கான்ஃபிகரேஷனில் கஸ்டம் என்று வைத்து எண்களைக் கொடுத்தால் போதும், விண்டோஸோ லினக்ஸோ எது ஓடினாலும் அது செல்லும். ஹெச்பியில் எஃப்10. அலுவலக மாடல்களில் பேட்டரி ஹெல்த் மேனேஜர் என்ற பகுதி இருக்கும். வீட்டு மாடல்களில் பெரும்பாலும் தானாகவே முடிவெடுக்கும் ஒரு வசதி மட்டும்தான், எண் கேட்காது. ஏசர் பற்றி கடைசியில் சொல்கிறேன், அது தனிக் கதை.

எல்லாரும் டிஎல்பி போடு டிஎல்பி போடுன்றாங்க, அது இன்னா?

கெர்னலில் ஏற்கெனவே இருக்கிற மின்சேமிப்பு வசதிகளையும் சார்ஜ் வரம்பையும் ஒரே கோப்பில் எழுதிவைக்க உதவும் கருவி. மாயமந்திரம் ஒன்றுமில்லை. போட்டவுடன் சூடோ டிஎல்பி-ஸ்டாட், ஹைஃபன், பி என்று அடியுங்கள். உங்கள் மெஷினில் வரம்பு வைக்க முடியுமா, எந்த டிரைவர் வழியாக, எந்த எண்கள் செல்லும் என்று எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். முடியும் என்றால் ஈடிசி கோப்பகத்தில் டிஎல்பி டாட் கான்ஃப் கோப்பைத் திறந்து, ஸ்டார்ட் சார்ஜ் த்ரெஷ் பேட்0, ஸ்டாப் சார்ஜ் த்ரெஷ் பேட்0 என்ற இரண்டு வரிகளின் முன்னால் இருக்கும் ஹேஷ் குறியை எடுத்துவிட்டு 75, 80 கொடுங்கள். சேமித்துவிட்டு சூடோ டிஎல்பி ஸ்டார்ட்.

ஐடியாபேட்காரர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். அதில் சுவிட்ச்தான் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதனால் ஸ்டாப் வரியில் 80 கொடுக்கக் கூடாது, 1 கொடுக்க வேண்டும்.

78-ல செருகினேன், ஒரு பர்சன்ட் கூட ஏறல. சார்ஜர் பூட்ச்சா?

சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். 75, 80 என்று வைத்தால் அதன் அர்த்தம், 75-க்குக் கீழே போனால்தான் ஏற்ற ஆரம்பிக்கும், ஆரம்பித்தால் 80-ல் நிற்கும். 78-ல் செருகினால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள், அது ஏற்றாது. சும்மா சும்மா ஒன்றிரண்டு சதவீதம் ஏற்றி இறக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த இடைவெளி. பேட்0-க்குள் ஸ்டேட்டஸ் என்ற கோப்பில் "நாட் சார்ஜிங்" என்று இருந்தால் மின்சாரம் வருகிறது, வரம்பு தடுத்திருக்கிறது. "டிஸ்சார்ஜிங்" என்று இருந்தால் அப்போது சார்ஜரையும் பிளக்கையும் சந்தேகப்படலாம்.

80 செட் பண்ணி ரெண்டு நாள் ஆச்சு, இன்னும் 96-லயே நிக்குது

வரம்பு மேலே ஏறாமல் தடுக்குமே தவிர, ஏறியதை இறக்காது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு 75-க்குக் கீழே போகும்வரை பேட்டரியில் ஓட்டுங்கள், அப்புறம் செருகுங்கள். திங்க்பேடில் சூடோ டிஎல்பி டிஸ்சார்ஜ் என்று கொடுத்தால் செருகியபடியே பேட்டரியைக் காலி செய்ய ஆரம்பிக்கும். அது அடிமட்டம் வரைக்கும் போகும் என்பதால், பக்கத்தில் இருந்து நடுவில் நிறுத்த முடிந்தால் மட்டும் செய்யுங்கள்.

ரீஸ்டார்ட் பண்ணா மறுபடி 100 போவுது

கையால் அந்தக் கோப்பில் 80 எழுதியிருப்பீர்கள். திங்க்பேடில் கண்ட்ரோலரே எண்ணை நினைவில் வைத்திருக்கும். அசூஸில் பல மாடல்கள் ரீஸ்டார்ட்டில் மறந்துவிடும். ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் யாராவது எழுதியாக வேண்டும், டிஎல்பி போட்டிருந்தால் அதுவே எழுதிவிடும். டிஎல்பி வேண்டாம் என்றால் ஆன் ஆகும்போது தானாக ஓடும் ஒரு சின்ன சிஸ்டம்டி சர்வீஸ் போதும்.

நாளைக்கு எங்க ஏரியா ஷட்டவுன்ணா, காலைல 9 மணிக்கு கரண்ட் போயிடும். 80 வச்சு மாட்டிக்கினேன்

பராமரிப்பு என்று ஈபி அறிவித்தால் 9-க்குப் போகிற கரண்ட் மத்தியானம் 2 வரைக்கும் வராது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். முந்தின ராத்திரி சூடோ டிஎல்பி ஃபுல்சார்ஜ் என்று அடித்துவிட்டுத் தூங்குங்கள், அந்த ஒரு தடவை மட்டும் நூறு வரை ஏற்றும். கரண்ட் வந்தபின் சூடோ டிஎல்பி செட்சார்ஜ் அடித்தால் பழைய வரம்பு திரும்பிவிடும். கேடிஇ, க்னோம் ஆட்கள் செட்டிங்ஸில் அணைத்துவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

புயல் என்று அறிவிப்பு வந்தாலும் இதேதான், இன்னும் ஒரு நாள் முன்னாடியே செய்யுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் தண்ணீர் வடிகிற வரைக்கும் கரண்ட் கொடுக்கவே முடியவில்லை, லேப்டாப்பில் செருகித்தான் போனை உயிரோடு வைத்திருந்தோம். அந்த மாதிரி நேரத்தில் நூறு வரை ஏற்றினால் பேட்டரி ஒன்றும் கெட்டுவிடாது. கெடுப்பது மாதக்கணக்கில் நூறிலேயே வைத்திருப்பது.

தம்பி, பேட்டரி எவ்ளோ தேஞ்சிருக்குன்னு கடைக்காரர் சொல்றதை நம்பறதா?

நம்புவதற்கு முன்னால் நீங்களே பார்த்துவிடுங்கள். அதே பேட்0-க்குள் எனர்ஜி ஃபுல் டிசைன், எனர்ஜி ஃபுல் என்று இரண்டு கோப்புகள். கேட் போட்டுத் திறந்தால் நீளமாக ஒரு எண் வரும், மைக்ரோ வாட்-ஹவர் கணக்கு, கடைசி ஆறு இலக்கத்தைத் தள்ளிப் படித்தால் வாட்-ஹவர். டிசைனில் 50000000, ஃபுல்லில் 38500000 என்று இருந்தால், 50 வாட்-ஹவர் பிடிக்க வேண்டிய பேட்டரி இப்போது 38.5தான் பிடிக்கிறது, அதாவது 77 சதவீதம். சில மெஷின்களில் எனர்ஜிக்குப் பதில் சார்ஜ் என்று பெயர் இருக்கும், அது ஆம்பியர்-ஹவர் கணக்கு, வகுத்தால் சதவீதம் சதவீதம்தான்.

77-க்கெல்லாம் பேட்டரி மாற்றத் தேவையில்லை. பாதிக்குக் கீழே போய், உங்கள் வேலைக்குப் பத்தவில்லை என்றால் மாற்றுங்கள்.

புதுசுன்னு வாங்கிப் போட்டேன், சைக்கிள் கவுன்ட் 0 காட்டுது. அப்ப ஒரிஜினல்தானே?

அதை வைத்துச் சொல்ல முடியாது. சைக்கிள் கவுன்ட் என்பது பேட்டரி எத்தனை முறை ஏறி இறங்கியது என்ற எண், பல லேப்டாப்புகளில் ஃபர்ம்வேர் அதை லினக்ஸுக்குத் தருவதே இல்லை, எத்தனை வருஷம் ஓட்டினாலும் 0தான். டிசைன் எண்ணும் பேட்டரிக்குள் இருக்கும் சிப் சொல்வதுதான், மலிவுப் பேட்டரி செய்கிறவன் அதில் எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஒரே சோதனைதான்: நூறு வரை ஏற்றி, ஒரே வெளிச்சத்தில் ஒரே வேலையாக ஓட்டி, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று வாரண்டி முடிவதற்குள் பாருங்கள்.

30 பர்சன்ட் காட்டும்போதே பட்டுனு ஆஃப் ஆவுது

இரண்டு காரணம் இருக்கலாம். மீட்டர் கணக்குத் தப்பியிருக்கலாம். எப்போதும் 75-க்கும் 80-க்கும் நடுவிலேயே இருந்தால் அடிமட்டம் எங்கே என்பது பேட்டரிக்குள் இருக்கும் சிப்புக்கு மெல்ல மறந்துபோகும். வரம்பை எடுத்துவிட்டு ஒரு தடவை நூறு வரை ஏற்றி, தானாக அணையும்வரை இறக்கி, மறுபடி நூறு வரை ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும். அடிக்கடி செய்யாதீர்கள், இதுவும் தேய்மானம்தான்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் ஏதோ ஒரு செல் போய்விட்டது. லேசான வேலையில் தாங்கி, பிரவுசரில் நாலு டேப் திறந்ததும் அணைந்தால் சந்தேகமே வேண்டாம்.

விண்டோஸ்ல 6 மணி நேரம் வந்துச்சுண்ணா, லினக்ஸ் போட்டதும் 3 தான். உன்னாலதான்!

இந்தப் பழி எனக்குப் பழகிவிட்டது. கணக்கைப் பாருங்கள்: 42 வாட்-ஹவர் பேட்டரியில் மெஷின் 7 வாட் தின்றால் 6 மணி நேரம், 14 வாட் தின்றால் 3. அந்த இன்னொரு 7 வாட்டை யார் தின்கிறார்கள் என்று பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு சூடோ பவர்டாப் ஓட்டினால் இப்போது எத்தனை வாட் போகிறது என்று காட்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து எண் எப்போது எகிறுகிறது என்று பாருங்கள்.

என்விடியா கார்டு இருக்கிற மெஷின் என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். வேலையே இல்லாதபோதும் தூங்காமல் முழித்துக்கொண்டிருக்கும். உபுண்டு, மின்ட்டில் பிரைம்-செலக்ட் என்ற கட்டளையால் ஆன்-டிமாண்ட் அல்லது இன்டெல் என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் பல நேரம் வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்தது பிரவுசர் வீடியோ. கிராஃபிக்ஸ் சிப் செய்ய வேண்டிய வேலையைப் பிராசஸர் செய்தால் ஃபேன் கத்தும், பேட்டரி கரையும். பவர்டாப்பில் ஆட்டோ-டியூன் என்று ஒன்று இருக்கிறது, எல்லாச் சேமிப்பையும் ஒரே அடியாக ஆன் செய்யும். செய்தபின் யூஎஸ்பி மவுஸ் நின்று நின்று நகர்ந்தால் காரணம் அதுதான், ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும்.

டிஎல்பியும் போட்டேன், பேலன்ஸ்டு பவர் சேவர்னு மேல ஒரு பட்டனும் இருந்துச்சு, இப்ப அதைக் காணோம்

அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருப்பது பவர் புரொஃபைல்ஸ் டீமன். ஃபெடோரா 41-லிருந்து அந்த வேலையை டியூன்ட் என்ற இன்னொன்று பார்க்கிறது. டிஎல்பியும் இதுவும் ஒரே பிராசஸர் செட்டிங்கைத் திருகுகிறவர்கள், அதனால் டெபியன் வகைகளில் ஒன்றைப் போட்டால் இன்னொன்று கழன்றுவிடும். பட்டன் வேண்டும் என்றால் டிஎல்பியை எடுத்துவிடுங்கள், சார்ஜ் வரம்புக்கு முன்பு சொன்ன சிஸ்டம்டி வழியோ டெஸ்க்டாப் செட்டிங்கோ போதும். வேறு ஏதோ பெயரில் மூன்றாவதாக ஒன்றையும் போட்டு மூன்றையும் ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

மூடி பைல போட்டு ட்ரெயின்ல வந்தேன், இறங்கி எடுத்தா கையச் சுடுது

மூடினால் தூங்கும் விதம் இரண்டு. சிஸ், பவர், மெம் ஸ்லீப் என்ற கோப்பைப் பாருங்கள், எஸ்2ஐடில், டீப் என்று இரண்டு பெயர் இருந்தால் கட்டம்போட்ட அடைப்பில் இருப்பது இப்போது நடப்பில் உள்ளது. டீப்பில் ராம் தவிர கிட்டத்தட்ட எல்லாமே அணையும். எஸ்2ஐடில் அரைத்தூக்கம், ஏதாவது ஒரு டிவைஸ் எழுப்பிவிட்டால் பைக்குள் காற்றில்லாமல் வெந்துகொண்டிருக்கும். டீப் இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். புது மாடல்கள் பலவற்றில் டீப்பையே எடுத்துவிட்டார்கள், அவற்றுக்கு, ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுசாக அணையும் ஹைபர்நேட்தான் வழி. அதற்கு ராம் அளவுக்கு டிஸ்க்கில் ஸ்வாப் என்று இடம் ஒதுக்க வேண்டும், உபுண்டு, ஃபெடோராவில் பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஆனில் இருந்தால் கெர்னல் விடாது. இவ்வளவு எதற்கு என்றால், ட்ரெயின் ஏறுமுன் ஷட்டவுன் செய்துவிடுங்கள்.

ஸ்கூல்ல கவர்மென்ட் குடுத்த லேப்டாப் இருக்கு, பேட்டரி செத்துப் போச்சு. லினக்ஸ் போட்டா ஓடுமா?

2011-ல் ஆரம்பித்த திட்டத்தில் கொடுத்தவற்றில் பாஸ் லினக்ஸ் போட்டேதான் கொடுத்தார்கள், அதனால் லினக்ஸ் அதற்குப் புதுசில்லை. எக்ஸ்எஃப்சிஇ மாதிரி லேசானதைப் போடுங்கள். கழற்றுகிற மாதிரி பேட்டரி என்றால் செத்ததைக் கழற்றி வைத்துவிட்டு அடாப்டரிலேயே ஓட்டலாம், கரண்ட் போனால் அந்த நொடியே அணையும், அவ்வளவுதான். வரம்பு வைப்பது பற்றி இதற்குக் கவலையே வேண்டாம், காப்பாற்ற என்ன இருக்கிறது?

ஏசர்ல எந்த ஃபைலும் இல்ல. 80 ஆனதும் நிறுத்துற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் குடேன்

நிறுத்துவது சிப்தான் என்று முதலிலேயே சொன்னேன். பேச வழியில்லாத சிப்பிடம் ஸ்கிரிப்ட் என்ன பேசும்? கெபாசிட்டி கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்து, 80 ஆனதும் "பிளக்கைப் பிடுங்கு" என்று திரையில் ஒரு அறிவிப்பு காட்ட வேண்டுமானால் ஸ்கிரிப்ட் எழுதலாம், பிடுங்குவது உங்கள் கை.

ஏசருக்கென்று கெர்னலுக்கு வெளியே ஒரு மாட்யூல் இருக்கிறது, ஏசர்-டபிள்யூஎம்ஐ-பேட்டரி என்று பெயர், அதை ஏற்றினால் பல மாடல்களில் 80-ல் நிற்கும் ஹெல்த் மோட் கிடைக்கும். கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலைத் தானாக மறுபடி கட்டித் தரும் டிகேஎம்எஸ் வழியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் காணாமல் போகும். செக்யூர் பூட் இருந்தால் மாட்யூலுக்கு டிஜிட்டல் கையெழுத்திடும் வேலையும் உண்டு. இதெல்லாம் தலைவலி என்றால், அதே மெஷினில் விண்டோஸும் இருக்கிறவர்கள் அங்கே கம்பெனி ஆப்பில் 80-ஐ ஆன் செய்துவிட்டு லினக்ஸுக்கு வந்து பாருங்கள். சிப் நினைவில் வைத்துக்கொள்கிற ரகம் என்றால் இங்கேயும் 80-லேயே நிற்கும்.